அப்கிரேடுக்குப் பிறகு தூங்கி எழ மறுக்கும் லேப்டாப்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

புது ஓஎஸ் ஏற்றிய பிறகு லேப்டாப் பகல் முழுக்க ஒழுங்காக ஓடும், மூடியை மூடித் திறந்தால் மட்டும் செத்துக் கிடக்கும். இந்தப் புகாரோடு வந்த மெஷின்களைத் திரும்பத் திரும்பப் பார்த்ததில், பெரும்பாலும் மாட்டுவது அப்கிரேடு நேரத்தில் சத்தமில்லாமல் மாற்றப்பட்ட ஏதோ ஒரு டிரைவர் (ஒரு சாதனத்தை ஓஎஸ்ஸோடு பேச வைக்கும் மென்பொருள்), அல்லது மாறாமல் பழசாகவே நின்றுவிட்ட பயாஸ் (ஓஎஸ்ஸுக்கு முன்பே ஓடி ஹார்டுவேரைக் கிளப்பும் அடிப்படை மென்பொருள்). ஆகவே எடுத்த எடுப்பில் ஃபார்மேட் அடிக்காதீர்கள். அடித்தாலும் விண்டோஸ் அப்டேட் அதே டிரைவரைத் திரும்பக் கொண்டுவந்து போடும், உங்கள் ஞாயிற்றுக்கிழமை போனதுதான் மிச்சம்.

கீழே உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம், ஆனால் அதற்கு முன் அடுத்த பகுதியில் இருக்கும் இரண்டு சோதனையையும் செய்துவிட்டுப் போங்கள். கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில், நான் இடைவெளி விட்ட இடத்தில் மட்டும் இடைவெளி விட்டுத் தட்டவும். எதையும் ஒரு நேரத்தில் ஒன்று மட்டும் மாற்றுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றிச் சரியாகிவிட்டால் எது சரிசெய்தது என்று தெரியாது, அடுத்த அப்டேட்டில் திரும்ப வரும்போது முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

## எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இது

கமாண்ட் பிராம்ப்டை அட்மினாகத் திறந்து பவர்சிஎஃப்ஜி /ஏ (powercfg /a) என்று கொடுங்கள். உங்கள் மெஷினில் எந்தெந்தத் தூக்கம் கிடைக்கும், எது கிடைக்காது, ஏன் கிடைக்காது என்று அதுவே பட்டியல் போடும். பார்க்க வேண்டியது எஸ்3 இருக்கிறதா, எஸ்0 லோ பவர் ஐடில் இருக்கிறதா என்பது. எஸ்3 என்றால் மெஷின் கிட்டத்தட்ட முழுக்க அணைந்து ரேமுக்கு மட்டும் கரண்ட் போகும். எஸ்0 என்றால் திரை மட்டும் அணையும், உள்ளே மொபைல் மாதிரி அரைத்தூக்கம். சமீபத்திய லேப்டாப்களில் பெரும்பாலும் இரண்டாவதுதான். எது என்பதை முடிவு செய்வது பயாஸ். ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பை மாற்றி எஸ்3-ஐ வலுக்கட்டாயமாக வரவழைக்கும் வித்தையைப் பலர் சொல்வார்கள். பயாஸில் எஸ்3 ஆதரவு இல்லாத மெஷினில் அதைச் செய்தால் ஸ்லீப் என்ற தேர்வே மறைந்துபோகும், அவ்வளவுதான் பலன்.

இரண்டாவது, ஈவென்ட் வியூவர். விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம். க்ராஷ் ஆன நேரத்துக்குப் போய் கெர்னல்-பவர் என்ற மூலத்திலிருந்து வந்த 41-ஐத் தேடுங்கள். 41 என்பதற்கு ‘ஒழுங்காக அணையாமல் மறுபடி தொடங்கியது’ என்பதைத் தவிர வேறு அர்த்தம் கிடையாது; அதைப் பார்த்துவிட்டு ‘பவர் சப்ளை போச்சு’ என்று முடிவு கட்டுகிறவர்கள் நிறைய. அதன் டீட்டெயில்ஸ் தாவலில் பக்செக்கோட் என்ற வரிதான் முக்கியம். அங்கே 0 இருந்தால் மெஷின் உறைந்து நீங்கள் பட்டனை அழுத்தி அணைத்தீர்கள், அல்லது கரண்ட் அறுந்தது. 159, 278 மாதிரி எண் இருந்தால் நீலத்திரை வந்திருக்கிறது, நீங்கள் பார்க்காமல் இருந்திருக்கலாம். அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அங்கேயே 42 என்றால் தூங்கப் போனது, 107 என்றால் எழுந்தது. எஸ்0 மெஷினில் இதே வேலையை 506-ம் 507-ம் செய்யும். 42 இருந்து 107 இல்லாமல் நேராக 41 வந்தால், ஆள் தூக்கத்திலேயே போயிருக்கிறார் அல்லது எழும்போது விழுந்திருக்கிறார்.

## அறிகுறி: மூடியைத் திறந்தால் கறுப்புத் திரை, விளக்கு எரிகிறது, விசிறி ஓடுகிறது

கேப்ஸ் லாக்கை அழுத்திப் பாருங்கள். இங்கேதான் வழி இரண்டாகப் பிரிகிறது. கேப்ஸ் லாக்குக்கு விளக்கே இல்லாத மாடல் என்றால், தூங்க வைக்கும் முன் ஒரு பாட்டை ஓடவிட்டுத் தூங்க வையுங்கள், எழுந்ததும் பிளே பட்டனைத் தட்டினால் சத்தம் வருகிறதா என்று கேட்கலாம்.

### விளக்கு மாறுகிறது, அதாவது உள்ளே உயிர் இருக்கிறது

திரை மட்டும்தான் பிரச்சினை. விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். இது கிராஃபிக்ஸ் டிரைவரை மட்டும் மறுபடி கிளப்பும், திறந்திருக்கும் வேலை போகாது. ‘பீப்’ என்று ஒரு சத்தம் வந்து படம் திரும்பினால் குற்றவாளி கையும் களவுமாகப் பிடிபட்டார். படம் வரவில்லை என்றால் வெளித்திரைக் கேபிள், டாக் (ஒரே கேபிளில் பல சாதனங்களைச் செருகும் பெட்டி) எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுப் பாருங்கள். இல்லாத ஒரு வெளித்திரைக்குப் படத்தை அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கும் மெஷின்களும் உண்டு. பிரைட்னஸ் கீயையும் ஏற்றிப் பார்த்துவிடுங்கள், சிரிக்காதீர்கள், நடக்கிறது.

கிராஃபிக்ஸ் என்று தெரிந்ததும் டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டர்ஸ், அதில் உங்கள் கார்டு, ப்ராப்பர்ட்டீஸ், டிரைவர், ரோல் பேக். அந்தப் பட்டன் மங்கலாக இருந்தால் பழைய டிரைவர் கையிருப்பில் இல்லை, லேப்டாப் கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடல் எண்ணுக்குப் போட்டிருக்கும் டிரைவரை இறக்குங்கள். சிப் கம்பெனியின் தளத்தில் இருக்கும் ஆகப் புதியது எப்போதும் நல்லது என்று நினைக்க வேண்டாம், தூக்க விஷயத்தில் லேப்டாப் கம்பெனி தன் மாடலில் சோதித்து வைத்திருப்பதே பாதுகாப்பு. இரண்டு கிராஃபிக்ஸ் உள்ள மெஷின் என்றால் எல்லோரும் பெரிய கார்டின் டிரைவரையே மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருப்பார்கள், ஆனால் பெரும்பாலான லேப்டாப்களில் திரையை ஓட்டுவது பிராசஸரோடு வரும் சின்ன கிராஃபிக்ஸ்தான், ஆகவே முதலில் அதன் டிரைவரைப் பாருங்கள். போட்டு முடித்ததும் செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட்டை ஒரு வாரம் நிறுத்தி வைப்பது நல்லது, இல்லையென்றால் அடுத்த நாளே பழைய கதை.

ஒரு சோதனை பாக்கி. இருட்டில் மொபைல் டார்ச்சைத் திரைமேல் சாய்வாக அடித்துப் பாருங்கள். நிழல் மாதிரி டெஸ்க்டாப் தெரிந்தால் படம் வருகிறது, பின்விளக்குதான் எரியவில்லை. டிரைவர் மாற்றியும் அது அப்படியே இருந்தால் பேனலோ அதன் கேபிளோ, கடைக்குப் போக வேண்டியதுதான்.

### விளக்கு மாறவில்லை, மொத்தமாக உறைந்துவிட்டது

உடனே பவர் பட்டனை அழுத்திப் பிடிக்காதீர்கள். சில நிமிடங்கள் விடுங்கள். ஏதாவது ஒரு டிரைவர் பதில் சொல்லாமல் நின்றிருந்தால் விண்டோஸ் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தானாகவே நீலத்திரை போட்டு, காரணத்தையும் பதிவு செய்யும். அவசரப்பட்டு அணைத்தால் அந்தத் தடயம் கிடைக்காது.

செலவில்லாததிலிருந்து ஆரம்பிப்போம். யுஎஸ்பியில் செருகியிருக்கும் அத்தனையையும், வயர்லெஸ் மவுஸின் குட்டி ரிசீவர், எஸ்டி கார்டு உட்பட, எடுத்துவிட்டுத் தூங்க வைத்துப் பாருங்கள். சரியாக எழுந்தால் ஒவ்வொன்றாகச் செருகி எது என்று பிடிக்கலாம். டாக் வைத்திருக்கிறவர்கள் டாக்கின் ஃபர்ம்வேரையும் அப்டேட் செய்ய வேண்டும், அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை.

அடுத்தது, மிச்சக் கரண்ட்டை வடிப்பது. ஷட்டவுன் செய்து, சார்ஜரைப் பிடுங்கி, கழற்ற முடிந்த பேட்டரி என்றால் அதையும் கழற்றி, பவர் பட்டனை ஒரு முப்பது நொடி அழுத்திப் பிடித்துவிட்டு மறுபடி போடுங்கள். மூடி, விசிறி, பவர் பட்டன் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் ஒரு குட்டிச் சில்லு தனியாக ஓடிக்கொண்டே இருக்கும், சாதாரண ரீஸ்டார்ட்டில் அது ரீசெட் ஆகாது. மந்திரம் மாதிரி தெரியும், ஆனால் பல சமயம் வேலை செய்யும்.

அதிலும் போகவில்லையென்றால் சிப்செட் டிரைவர், இன்டெல் மெஷின் என்றால் மேனேஜ்மென்ட் எஞ்சின் டிரைவர், இரண்டையும் லேப்டாப் கம்பெனியின் தளத்திலிருந்து போடுங்கள். கிராஃபிக்ஸை மாற்றுகிறவர்கள் நிறைய, இந்த இரண்டையும் தொடுகிறவர்கள் குறைவு. என் அனுபவத்தில் முழு உறைதலுக்கு அதிகம் காரணமாவது இதுதான்.

பிறகு பயாஸ். அப்டேட் வெளியீட்டுக் குறிப்பில் ஸ்லீப், ஸ்டான்ட்பை, ரெஸ்யூம் என்ற சொற்கள் இருக்கிறதா பாருங்கள், இருந்தால் தயங்காமல் போடலாம். சார்ஜர் செருகியிருக்க வேண்டும், நடுவில் அணைக்கவே கூடாது, பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) போட்டிருந்தால் முதலில் அதை சஸ்பெண்ட் செய்துவிட்டு, 48 இலக்க மீட்புச் சாவி மைக்ரோசாஃப்ட் கணக்கிலோ தாளிலோ இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு பிறகு தொடுங்கள். சாவி இல்லாமல் பயாஸை அப்டேட் செய்துவிட்டு சொந்த டிஸ்க்கின் வாசலிலேயே நிற்பது தூக்கப் பிரச்சினையைவிடப் பெரிய பிரச்சினை.

கடைசியாக டிஸ்க். பழைய பவர் ஆப்ஷன்ஸின் அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் பிசிஐ எக்ஸ்பிரஸ் என்பதன் கீழ் லிங்க் ஸ்டேட் பவர் மேனேஜ்மென்ட் என்று ஒன்று இருந்தால் அதை ஆஃப் செய்து ஓர் இரவு பாருங்கள். சரியானால் எஸ்எஸ்டி தூக்கத்திலிருந்து திரும்பத் தடுமாறுகிறது, அதன் ஃபர்ம்வேர் அப்டேட்டைத் தேடுங்கள்.

## அறிகுறி: எழும்போது அல்லது தூங்கப் போகும்போது நீலத்திரை

விண்டோஸ் 11-இன் புதிய பதிப்புகளில் அது கறுப்பாகிவிட்டது, சோகமுகமும் போய்விட்டது, ஆனால் விஷயம் அதேதான். முன்பு குறித்த பக்செக்கோட் எண்ணை வைத்துப் பிரியுங்கள்.

159 என்றால் டிரைவர் பவர் ஸ்டேட் ஃபெயிலியர். தூக்கம் சம்பந்தமான நீலத்திரைகளில் ரொம்பவும் பழக்கமான முகம் இது. ஒரு டிரைவர் ‘தூங்கு’ என்றாலும் ‘எழு’ என்றாலும் பதில் சொல்லாமல் நின்றுவிட்டது. முதலில் சந்தேகப்பட வேண்டியது வைஃபை, புளூடூத், விபிஎன் மென்பொருள் போட்ட போலி நெட்வொர்க் அடாப்டர், ஆன்டிவைரஸ், பழைய பிரின்டர் டிரைவர், இந்த வரிசையில். அப்கிரேடுக்கு முன்பே போட்ட விபிஎன்னை முழுக்க நீக்கிவிட்டுப் புதிதாகப் போடுவது ஐந்து நிமிட வேலை, அதை முதலில் செய்யுங்கள். வைஃபை டிரைவரை ரோல் பேக் செய்வது அடுத்தது. இரண்டிலும் பிடிபடவில்லையென்றால் ஊகிப்பதை நிறுத்திவிட்டு, க்ராஷ் நேரத்தில் விண்டோஸ் எழுதிவைத்த டம்ப் கோப்பைப் படியுங்கள்: சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் மினிடம்ப். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் வின்டிபிஜி இலவசம், கோப்பைத் திறந்து !அனலைஸ் -வி கொடுத்தால் நீளமாக ஏதேதோ கொட்டும், அதில் இமேஜ் நேம் என்ற வரியில் இருக்கும் கோப்புப் பெயரை மட்டும் எடுத்துத் தேடினாலே எந்தக் கம்பெனி டிரைவர் என்று தெரிந்துவிடும். ஒரே டம்பை நம்பாதீர்கள். அடுத்தடுத்த டம்புகளிலும் அதே பெயர் வந்தால் அதுதான். பெயர் ஒவ்வொரு முறையும் மாறிக்கொண்டே இருந்தால் ரேமைச் சந்தேகிக்க வேண்டும்.

278 வந்தால் கிராஃபிக்ஸ், மேலே கறுப்புத் திரையில் சொன்ன வழிதான்.

160 பவர் பகுதியின் உள்பிழை, பெரும்பாலும் ஹைபர்னேட் (ரேமில் இருப்பதை டிஸ்க்கில் எழுதிவிட்டு முழுக்க அணைவது) கோப்போடு சண்டை. கீழே ஹைபர்னேட் பகுதியில் சொல்லியிருக்கிறபடி அந்தக் கோப்பை அழித்துப் புதிதாக உருவாக்குங்கள், பிறகு பயாஸ்.

122 அல்லது 239 எழுந்தவுடன் வந்தால் எஸ்எஸ்டி தூக்கத்திலிருந்து திரும்பவில்லை என்று நினைத்தே நடந்துகொள்ளுங்கள். அதாவது வேறெதையும் செய்யும் முன் முக்கியமான கோப்புகளை வெளியே நகலெடுங்கள். அதன் பிறகு கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போட்டு டிஸ்க்கின் ஆரோக்கியம் பாருங்கள், லிங்க் ஸ்டேட் விஷயத்தை முயலுங்கள், கழற்றத் தெரிந்தால் எஸ்எஸ்டியை எடுத்து மறுபடி அழுத்திப் பொருத்துங்கள்.

292 என்றால் ஹார்டுவேரே குறை சொல்கிறது. ஓவர்கிளாக், அண்டர்வோல்ட் செய்கிற மென்பொருள் எதுவும் இருந்தால் நீக்குங்கள், பயாஸ் அப்டேட் போடுங்கள், அப்படியும் வந்தால் வீட்டில் செய்ய ஒன்றுமில்லை.

## அறிகுறி: திறந்தால் புதிதாக பூட் ஆகிறது, திறந்து வைத்த வேலையெல்லாம் காணோம்

முதலில் ஒரு கேள்வி. கொஞ்ச நேரம் தூங்கவிட்டால் ஒழுங்காக எழுகிறதா, இரவு முழுக்க விட்டால் மட்டும் இப்படியா? ஆம் என்றால் உங்கள் பிரச்சினை ஸ்லீப்பே இல்லை. சில மணி நேரம் தூங்கியதும் விண்டோஸ் தானாக ஹைபர்னேட்டுக்கு மாறுகிறது, விழுவது அங்கேதான். இதைச் சோதிக்க இரவு முழுக்கக் காத்திருக்க வேண்டாம்: பவர் ஆப்ஷன்ஸில் ஹைபர்னேட் ஆஃப்டர் என்பதை மூன்று நிமிடமாக வைத்தோ, ஷட்டவுன் /ஹெச் கொடுத்தோ நேரடியாக ஹைபர்னேட் செய்து பாருங்கள். அப்போதும் அதே மாதிரி புதிதாக பூட் ஆனால் அடுத்த தலைப்புக்குப் போங்கள்.

கொஞ்ச நேரத்திலேயே இப்படி ஆகிறது, அதுவும் சார்ஜர் செருகாதபோது மட்டும் என்றால் பேட்டரி. பவர்சிஎஃப்ஜி /பேட்டரிரிப்போர்ட் கொடுங்கள், ஒரு வெப்பக்கம் உருவாகும். அதில் டிசைன் கெபாசிட்டிக்கும் ஃபுல் சார்ஜ் கெபாசிட்டிக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். பாதிக்குக் கீழே போயிருந்தால் நாற்பது சதவீதம் காட்டிக்கொண்டே சடாரென்று விழும் பேட்டரி அது. அப்கிரேடு மேல் பழி போவது வெறும் காலப்பொருத்தம்.

## அறிகுறி: ஹைபர்னேட் தேர்வைக் காணோம், அல்லது ஹைபர்னேட் ஆகும்போதோ திரும்பும்போதோ தொங்குகிறது

தேர்வு காணவில்லை என்பதற்கு எளிய காரணம் அது மெனுவில் மறைக்கப்பட்டிருப்பது. கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், பவர் பட்டன்கள் என்ன செய்ய வேண்டும் என்ற பக்கம், அங்கே மங்கலாக இருப்பதைத் திறக்கும் நீல இணைப்பை அழுத்தினால் ஹைபர்னேட்டுக்கு டிக் போடலாம். அந்த டிக்கே அங்கே இல்லையென்றால் பவர்சிஎஃப்ஜி /ஹெச் ஆன். அப்படியும் வரவில்லையென்றால் ஹைபர்னேட் கோப்பு சுருக்கப்பட்ட வகையில் இருக்கலாம், அந்த வகை ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்புக்கு மட்டும்தான் உதவும். பவர்சிஎஃப்ஜி /ஹெச் /டைப் ஃபுல் கொடுத்தால் முழு வகைக்கு மாறும். ஸ்லீப், ஹைபர்னேட் இரண்டுமே காணவில்லை என்றால் டிவைஸ் மேனேஜரில் கிராஃபிக்ஸ் பெயரைப் பாருங்கள், மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர் என்று இருந்தால் உங்கள் கிராஃபிக்ஸ் டிரைவர் அப்கிரேடில் கழன்றுவிட்டது, அதைப் போட்டால் எல்லாம் திரும்பும்.

தொங்குகிறது என்றால் வரிசை இது. சி டிரைவில் இடம் இருக்கிறதா? முழு வகைக் கோப்பு இயல்பாக ரேமில் 40 சதவீதம் எடுத்துக்கொள்ளும், 16 ஜிபி ரேம் என்றால் ஆறரை ஜிபிக்குக் கொஞ்சம் குறைவு. அப்கிரேடு முடிந்ததும் பழைய விண்டோஸின் நகலும் அதே டிரைவில் உட்கார்ந்திருக்கும் என்பதால் இடம் நெருக்கும். அடுத்து கோப்பைப் புதுப்பிப்பது: பவர்சிஎஃப்ஜி /ஹெச் ஆஃப், ரீஸ்டார்ட், பவர்சிஎஃப்ஜி /ஹெச் ஆன், மறுபடி ஒரு ரீஸ்டார்ட். நடுவில் வரும் ரீஸ்டார்ட்டை விட்டுவிடாதீர்கள். நிறைய பேர் ஆஃப், ஆன் இரண்டையும் ஒரே மூச்சில் அடித்துவிட்டு ‘முயன்று பார்த்தேன், பலனில்லை’ என்பார்கள். பிறகு ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அணைத்துப் பாருங்கள், அதே பவர் பட்டன் பக்கத்தில்தான் இருக்கிறது. ஷட்டவுன் செய்து மறுபடி போட்டாலும் தொங்குகிறது, ரீஸ்டார்ட் செய்தால் மட்டும் சரியாக வருகிறது என்பவர்களுக்கு ஏறக்குறைய நிச்சயம் இதுதான், ஏனென்றால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்பதே பாதி ஹைபர்னேட்.

அதற்கும் மசியவில்லையென்றால் ஸ்டோரேஜ் டிரைவர். டிவைஸ் மேனேஜரில் ஸ்டோரேஜ் கன்ட்ரோலர்ஸின் கீழ் இன்டெல் ரேப்பிட் ஸ்டோரேஜ் அல்லது விஎம்டி என்று இருந்தால் லேப்டாப் கம்பெனி தரும் புதிய பதிப்பைப் போடுங்கள். ஆனால் பயாஸுக்குள் போய் விஎம்டியை அணைத்துப் பார்க்கலாமே என்று கை துறுதுறுத்தால் அடக்கிக்கொள்ளுங்கள், விண்டோஸ் பூட்டே ஆகாமல் போகும்.

ஒரு எச்சரிக்கை, இது தனித் தலைப்புக்கே தகுதியானது. ஒரே லேப்டாப்பில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்பவர்கள் விண்டோஸை ஹைபர்னேட் செய்துவிட்டு லினக்ஸில் போய் விண்டோஸ் டிரைவில் எதையும் எழுதாதீர்கள். திரும்பி வரும் விண்டோஸ் தன் நினைவில் இருக்கும் பழைய டிஸ்க்கைத்தான் நம்பும், கோப்புகள் சிதையும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் ஆனில் இருந்தால் சாதாரண ஷட்டவுனுக்கும் இதே ஆபத்து உண்டு.

## அறிகுறி: பைக்குள் வைத்த லேப்டாப் கொதிக்கிறது, எடுத்தால் பேட்டரி காலி

எஸ்0 மெஷின்களின் தனிச்சொத்து. பவர்சிஎஃப்ஜி /ஸ்லீப்ஸ்டடி கொடுத்தால் கடந்த மூன்று நாள் தூக்கத்தின் கதை வெப்பக்கமாக வரும். சிவப்பு நிறத்தில் இருக்கும் தூக்கத்தை அழுத்தினால் யார் தூங்கவிடாமல் செய்தது என்று கீழே பெயர் இருக்கும். ஆடியோ, வைஃபை, கிராஃபிக்ஸ் என்று சாதனப் பெயர் வந்தால் அதன் டிரைவர். ஏதாவது ஆப் என்றால் அதை நீக்குங்கள் அல்லது பின்னணியில் ஓடும் அனுமதியைப் பிடுங்குங்கள்.

இதில் மணிக்கணக்காக மல்லுக்கட்டுவதைவிட, மூடியை மூடினால் ஹைபர்னேட் ஆகும்படி மாற்றிவிடுவதே என் சிபாரிசு, குறைந்தது பேட்டரியில் இருக்கும்போதாவது. திறக்கும்போது பத்துப் பதினைந்து நொடி கூடுதலாகும், ஆனால் பைக்குள் சூடாவது நின்றுவிடும். பையில் வைப்பதற்கு முன் சார்ஜரைக் கழற்றிவிட்டு மூடுங்கள், மூடிவிட்டுக் கழற்றினால் அந்தக் கழற்றலே சில மெஷின்களை எழுப்பிவிடுகிறது.

## அறிகுறி: தூங்க வைத்த நொடியே எழுந்துகொள்கிறது, அல்லது நள்ளிரவில் தானாக எழுகிறது

பவர்சிஎஃப்ஜி /லாஸ்ட்வேக் கடைசியாக எழுப்பியது யார் என்று சொல்லும், பவர்சிஎஃப்ஜி /டிவைஸ்குவெரி வேக்_ஆர்ம்டு எழுப்ப அனுமதி உள்ள எல்லோரையும் காட்டும். பெரும்பாலும் மவுஸ் அல்லது நெட்வொர்க் கார்டு. டிவைஸ் மேனேஜரில் அந்தச் சாதனத்தின் பவர் மேனேஜ்மென்ட் தாவலில் கணினியை எழுப்ப அனுமதிக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். நள்ளிரவு எழுச்சி என்றால் பவர்சிஎஃப்ஜி /வேக்டைமர்ஸ், அதில் அப்டேட் சம்பந்தமான பெயர் இருந்தால் பவர் ஆப்ஷன்ஸில் வேக் டைமர்களை முடக்குங்கள்.

தூங்கவே மாட்டேன் என்கிறது என்றால் பவர்சிஎஃப்ஜி /ரிக்வெஸ்ட்ஸ். நிறுத்தாமல் விட்ட வீடியோ, மீட்டிங் ஆப், இந்த இரண்டும்தான் அடிக்கடி.

இதற்கு நேர் எதிரான ஒன்றும் உண்டு: வேலை செய்துகொண்டிருக்கும்போதே தூங்கிவிடுகிறது. மூடி மூடியிருக்கிறதா என்று லேப்டாப் அறிவது ஒரு காந்தத்தை வைத்து. இன்னொரு லேப்டாப்பின் மேல் வைத்து வேலை செய்தாலோ, காந்த மூடி உள்ள மொபைல் உறையைக் கை வைக்கும் இடத்தில் வைத்தாலோ மூடிவிட்டார்கள் என்று நினைத்துத் தூங்கிவிடும். காந்தத்தை நகர்த்தினால் தீர்ந்தது.

## அறிகுறி: எழுகிறது, ஆனால் வைஃபையோ டச்பேடோ சத்தமோ வரவில்லை

அந்தச் சாதனத்தின் பவர் மேனேஜ்மென்ட் தாவலில், மின்சாரம் சேமிக்க இதை அணைக்கலாம் என்ற டிக்கை எடுங்கள். தாவலே இல்லையென்றால் டிரைவர் ரோல் பேக், பிறகு லேப்டாப் கம்பெனியின் டிரைவர். டச்பேடுக்கு மட்டும், இன்டெல் மெஷின் என்றால் டச்பேடு டிரைவரோடு சீரியல் ஐஓ டிரைவரையும் சேர்த்துப் போட வேண்டும், தனியாக டச்பேடு டிரைவரை மட்டும் போட்டால் பல சமயம் அசையாது.

## லினக்ஸில் இதே கதை

கெர்னல் மாறியதால் வந்ததா என்று பார்ப்பது இங்கே ரொம்ப சுலபம்: பூட் ஆகும்போது குரப் மெனுவில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் பழைய கெர்னல் இருக்கும், அதில் ஏறித் தூங்க வையுங்கள். சரியாக எழுந்தால் அடுத்த கெர்னல் அப்டேட் வரும்வரை பழையதிலேயே இருங்கள், குடி முழுகிவிடாது.

இரண்டிலும் விழுகிறது என்றால் ஜர்னல்சிடிஎல் -பி -1 (journalctl -b -1) கொடுத்து, போன பூட்டின் கடைசி வரிகளைப் பாருங்கள். என்விடியா கார்டு இருந்து, எழுந்ததும் திரை குப்பையாகவோ கறுப்பாகவோ வந்தால், என்விடியா சஸ்பெண்ட், ரெஸ்யூம், ஹைபர்னேட் என்ற மூன்று சர்வீஸும் இயக்கத்தில் இருக்கிறதா, டிரைவருக்கு வீடியோ நினைவகத்தைப் பாதுகாக்கும் தேர்வு கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், அப்கிரேடில் இவை கழன்றுபோவது வழக்கம். சிஸ், பவர், மெம்_ஸ்லீப் (/sys/power/mem_sleep) என்ற கோப்பைப் படித்தால் எஸ்2ஐடில் (எஸ்0 மாதிரி அரைத்தூக்கம்), டீப் (எஸ்3) இரண்டில் எது சதுர அடைப்புக்குள் இருக்கிறதோ அதுதான் இப்போது நடப்பது. டீப் பட்டியலில் இருந்தால் மட்டும் அதற்கு மாற்றிப் பார்க்கலாம்.

ஹைபர்னேட் போய்த் திரும்பும்போது புதிதாக பூட் ஆகிறது என்றால் முக்கால்வாசி ஸ்வாப் (ரேமில் இருப்பதை எழுதிவைக்கும் டிஸ்க் இடம்) விவகாரம். அப்கிரேடில் ஸ்வாப் பார்டிஷனின் யுயுஐடி மாறியிருக்கும், அல்லது ஸ்வாப் கோப்பு புதிதாக உருவாகி அதன் ஆஃப்செட் மாறியிருக்கும், கெர்னலுக்குச் சொல்லும் ரெஸ்யூம் வரி மட்டும் பழசையே காட்டிக்கொண்டிருக்கும். திருத்திவிட்டு, பூட்டின் தொடக்கத்தில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ் கோப்பையும் புதுப்பிக்க வேண்டும். ஸ்வாப்பாக இசட்ரேம் மட்டும் இருந்தால் ஹைபர்னேட் நடக்கவே நடக்காது, அது ரேமுக்குள்ளேயே இருப்பது. செக்யூர் பூட் ஆனில் இருந்தாலும் பல விநியோகங்களில் கெர்னல் ஹைபர்னேட்டை மறுத்துவிடும், அது பிழையில்லை, வேண்டுமென்றே செய்தது.

## பின்வாங்குவது எப்போது

மேலே சொன்ன டிரைவர், பயாஸ் எல்லாம் பார்த்தும் நிற்கவில்லையென்றால், விண்டோஸில் பெரிய அப்கிரேடு நடந்த 10 நாளுக்குள் செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரியில் கோ பேக் பட்டன் இருக்கும். அந்தப் பத்து நாள் முடிவதற்குள் டிஐஎஸ்எம் கட்டளையால் இதை 60 நாள்வரை நீட்டிக்கலாம். இடம் போதவில்லை என்று டிஸ்க் கிளீனப்பில் பழைய விண்டோஸ் நகலை அழித்துவிட்டால் இந்தக் கதவு மூடிவிடும். ஆனால் விண்டோஸ் 10-க்குத் திரும்புகிறீர்கள் என்றால், அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

## கடைக்குப் போக வேண்டிய கட்டம்

டச்பேடு மேலெழும்பியிருக்கிறது, மூடி சரியாக மூடவில்லை, அடிப்பாகம் தட்டையாக இல்லை என்றால் பேட்டரி உப்பியிருக்கிறது. தூக்கமும் வேண்டாம் ஹைபர்னேட்டும் வேண்டாம், அணைத்து, சார்ஜ் போடாமல் நேராக எடுத்துப் போங்கள், நீங்களே திறக்க வேண்டாம்.

மற்றபடி இவை: 292 திரும்பத் திரும்ப வருவது. விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் ரேமில் பிழை காட்டுவது (ரேம் பலகையோடு ஒட்டியது என்றால் கையில் மாற்ற முடியாது). டிஸ்க் ஆரோக்கியம் எச்சரிக்கையாக இருப்பது. ஒரு யுஎஸ்பியிலிருந்து லைவ் லினக்ஸை ஓட்டித் தூங்க வைத்தாலும் அதே மாதிரி உறைவது. இந்தக் கடைசிச் சோதனையைக் கடைக்குப் போகும் முன் கட்டாயம் செய்யுங்கள். வேறு ஓஎஸ்ஸிலும் விழுகிறது என்று நீங்கள் சொன்னால் ‘முதலில் ஃபார்மேட் அடித்துப் பார்ப்போம்’ என்ற பேச்சு எழாது. உத்தரவாதக் காலம் பாக்கி இருந்தால் மூடியைக் கழற்றாமல் கம்பெனி சர்வீஸுக்கே கொடுங்கள்.

கொடுக்கும்போது ‘சில நேரம் ஆஃப் ஆகுது’ என்று சொல்லாதீர்கள். எஸ்3-யா எஸ்0-வா, பக்செக்கோட் எண் என்ன, சார்ஜரிலா பேட்டரியிலா, எவ்வளவு நேரம் தூங்கிய பிறகு, எதையெல்லாம் மாற்றிப் பார்த்தாகிவிட்டது, இதை ஒரு தாளில் எழுதி லேப்டாப்போடு கொடுங்கள். அவர்கள் மேசையில் ஐந்து நிமிடம் மூடித் திறந்து ‘நல்லாத்தானே இருக்கு’ என்று திருப்பித் தருவது பெரும்பாலும் இந்தத் தாள் இல்லாததால்தான். பிட்லாக்கர் சாவியை மட்டும் அந்தத் தாளில் எழுதாதீர்கள், அதை உங்களிடமே வைத்துக்கொண்டு, கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.